பழைய கார் ஒயில் குடிக்கும்போது: எஞ்சினை இறக்குவதற்கு முன் காரணத்தைக் கண்டறியும் முறை

என்னுடைய டொயோட்டா 110 கொரொல்லாவை முதன்முதலாக ஒரு கராஜுக்குக் கொண்டுபோய் ஒயில் குறைகிறது என்று சொன்னபோது, அங்கிருந்த மெக்கானிக் சைலன்சர் குழாயின் வாய்க்குள் சுட்டுவிரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி, ஒட்டிய கரியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். “ஐயா, ரிங் போயிட்டு. எஞ்சின இறக்கத்தான் வேணும்” என்றார். அந்த விரலைத் தவிர அன்று வேறெந்தக் கருவியும் பயன்படுத்தப்படவில்லை. எத்தனை கிலோமீற்றருக்கு எவ்வளவு குறைகிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்வதற்கு என்னிடம் கணக்கு இருக்கவில்லை.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் விற்றுவிட்டு வேறு வாங்கலாம் என்றிருந்தவர்களும் கையில் இருந்த காரையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். ஆகவே 20, 25 வயதான கார்கள் கொழும்பு வீதிகளில் இன்றும் நாளாந்தம் ஓடுகின்றன, அவற்றில் பலவற்றில் ஒயில் குறைகிறது. குறைவதற்கு ரிங் (சிலிண்டருக்குள் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்) ஒன்றுதான் காரணம் என்று முடிவுகட்டிவிட்டால், சில ஆயிரம் ரூபாயில் தீரக்கூடிய வேலை இலட்சக்கணக்கில் போய் நிற்கும். இங்கே சொல்லப்போகும் வரிசை செலவில்லாத பரிசோதனையில் தொடங்கி, செலவான பரிசோதனையை நோக்கிப் போகிறது. ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் அடுத்த படியில் கிடைக்கும் விடையை நம்ப முடியாது. பெற்றோல் எஞ்சினை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதற்படி: எவ்வளவு குறைகிறது என்பதை அளத்தல்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில்தான் நான் காரை நிறுத்துகிறேன். பார்வைக்குச் சமதரையாகத் தெரிந்தாலும் ஒழுங்கை மெல்லச் சரிகிறது. காரின் முகம் மேலே இருக்கும்படி நிறுத்தினால் ஒரு அளவும், கீழே இருக்கும்படி நிறுத்தினால் வேறொரு அளவும் டிப்ஸ்டிக்கில் காட்டியது. அதை அறியாமல் இரண்டு மாதங்கள் நான் பார்த்துவந்த ‘குறைவு’களில் பாதி, ஒயில் குறைந்ததால் அல்ல, காரைத் திருப்பி நிறுத்தியதால் வந்தவை.

ஆகவே அளப்பதற்கென்று ஓர் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்: சமதரையான ஒரு வாகனத் தரிப்பிடம், அல்லது வழமையாகப் பெற்றோல் அடிக்கும் இடத்தின் சீமெந்துத் தரை. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் நிறுத்தி, மேலே இருக்கும் ஒயில், எஞ்சினின் அடித்தொட்டியான சம்புக்குள் வடிய 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். டிப்ஸ்டிக்கை இழுத்து, நூல் உதிராத துணியால் துடைத்து, முழுமையாக உள்ளே செருகி மறுபடி இழுத்து, இரண்டு பக்கங்களையும் பாருங்கள். இரண்டு பக்கமும் வேறுபட்டால் குறைவாகக் காட்டும் பக்கமே நம்பத்தக்கது, ஏனெனில் மற்றப் பக்கம் குழாயின் சுவரில் தேய்ந்து வந்திருக்கும்.

இப்போது மேற்கோடு வரை ஒயில் ஊற்றி, ஓடோமீற்றர் இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதுங்கள். 1000 கிலோமீற்றர் ஓடிய பின், அதே இடத்தில், அதே முறையில், மீண்டும் மேற்கோட்டைத் தொடும் வரை ஊற்றுங்கள். ஊற்றியது எத்தனை மில்லிலீற்றர் என்பதே விடை. இருமல் மருந்துப் போத்தலோடு வரும் சிறிய அளவுக் குவளை இதற்குப் போதாது. சமையலறை அளவுக் குவளை ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள், அது மீண்டும் சமையலறைக்குப் போகக் கூடாது. இடையில் சேர்விஸுக்குக் கொடுக்க வேண்டாம். சேர்விஸ் செய்யும் இடங்களில் ஒயில் மாற்றும்போது கோட்டுக்குக் கீழே விட்டுவிடுவதும் உண்டு, தாராளமாகக் கோட்டுக்கு மேலே ஊற்றிவிடுவதும் உண்டு. மேலே ஊற்றினால் கிராங்க் தண்டு ஒயிலை அடித்து நுரையாக்க, மேலதிகமானது காற்றுப்போக்கு வழியாக எரிவதற்குப் போய்விடும். அது நோயல்ல, ஊற்றியவரின் கைத்தாராளம்.

எந்த அளவுக்கு மேல் கவலைப்பட வேண்டும்? ஒயிலை ஒரு துளியும் எரிக்காத எஞ்சின் கிடையாது. பல உற்பத்தியாளர்கள் 1000 கிலோமீற்றருக்கு 1 லீற்றர் வரையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று கையேட்டில் எழுதிவிடுகிறார்கள். அது உத்தரவாதத்தைக் காப்பாற்றுவதற்கான எல்லையே தவிர நல்ல எஞ்சினின் இலட்சணம் அல்ல. அமெரிக்காவில் தன் 2.4 லீற்றர் எஞ்சின்களில் எழுந்த ஒயில் முறைப்பாடுகளை டொயோட்டா பரிசோதித்தபோது வைத்த அளவுகோல் 1200 மைலுக்கு ஒரு குவார்ட், அதாவது ஏறத்தாழ 1930 கிலோமீற்றருக்கு 0.95 லீற்றர். என் கணிப்பில், பழைய கார் ஒன்று 1000 கிலோமீற்றருக்கு 200 மில்லிலீற்றருக்குள் எடுத்தால் விட்டுவிடலாம். 200 முதல் 500 வரை என்றால் காரணத்தைத் தேடலாம். 500க்கு மேல் போனால் தேடியே ஆக வேண்டும். என் காரின் முதல் ஆயிரம் கிலோமீற்றர்க் கணக்கு 900 மில்லிலீற்றர். ஏறத்தாழ 3 லீற்றர் மட்டுமே கொள்ளும் எஞ்சினில் அது கிட்டத்தட்ட மூன்றிலொரு பங்கு.

டாஷ்போர்டில் இருக்கும் சிவப்பு ஒயில் விளக்கை நம்பி இருக்க வேண்டாம். பெரும்பாலான பழைய கார்களில் அது ஒயிலின் அழுத்தத்தைக் காட்டுவது, மட்டத்தை அல்ல. அது ஓட்டத்தில் எரிகிறது என்றால் பம்ப் ஏற்கெனவே காற்றை உறிஞ்சத் தொடங்கிவிட்டது, பெயாரிங்குகள் உலர்ந்து உரசுகின்றன என்று பொருள்; உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

நகரத்துக்குள் மட்டும் ஓடும் கார்களில் இன்னொரு மயக்கமும் உண்டு. காலையில் பம்பலப்பிட்டிவரை போய்ப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுத் திரும்புவது போன்ற குறுகிய ஓட்டங்களில் எஞ்சின் முழுச் சூட்டை அடைவதில்லை. எரியாத பெற்றோலும் ஈரப்பதனும் சிறிதளவு ஒயிலில் கலந்து, குறைந்த மட்டத்தை நிரப்பி வைத்திருக்கும். பிறகு ஒருநாள் யாழ்ப்பாணத்துக்கு 400 கிலோமீற்றர் ஓடும்போது அந்தக் கலப்பு ஆவியாகிவிட, ஒரே பயணத்தில் அரை லீற்றர் போய்விட்டது போலத் தோன்றும். குறைந்தது இரண்டு தடவை, நகர ஓட்டத்தில் ஒன்று, நீண்ட ஓட்டத்தில் ஒன்று, அளந்த பின்னரே அடுத்த படிக்குப் போகலாம்.

இரண்டாம் படி: வெளியே கசிகிறதா?

இரவில் எஞ்சினுக்குக் கீழே விரித்த கார்ட்போர்ட் மட்டையில் காலையில் சில பொட்டுகள் இருந்தால் மர்மம் தீர்ந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு துளி ஒயில் ஏறத்தாழ 0.05 மில்லிலீற்றர், இரவுக்குப் பத்துத் துளி விழுந்தாலும் மாதத்துக்கு 15 மில்லிலீற்றர்தான். 900 மில்லிலீற்றருக்கு அது விளக்கமாகாது. நிறுத்தி வைத்திருக்கும்போது துளித்துளியாகக் கசிவது, அழுத்தத்தோடு ஓடும்போது கணிசமாகக் கொட்டலாம் என்பதும் உண்மை. ஆனால் அப்படிக் கொட்டினால் எஞ்சினின் அடிப்பகுதி முழுவதும் ஈரமாக இருக்கும், பின் பம்பரின் கீழ்ப்புறத்திலும் ஒயில் படலம் தெறித்திருக்கும்.

எஞ்சினை டிகிறீசர் போட்டுக் கழுவிக் காயவிட்டு, 50 கிலோமீற்றர் ஓட்டி, கைவிளக்கோடு மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஒயில் கீழ்நோக்கி வடியும், ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே ஈரத்தின் மிக உயர்ந்த, மிக முன்பக்கமான புள்ளியே ஊற்று. டப்பட் கவர் (எஞ்சினின் மேல்மூடி) கேஸ்கட், டிஸ்ட்ரிபியூட்டரின் ரப்பர் வளையம், கேம், கிராங்க் முன் சீல்கள், ஒயில் பிரெஷர் சுவிட்ச், ஃபில்டரின் கழுத்து, ட்ரெயின் நட் வாஷர் ஆகியவற்றை இந்த வரிசையில் பார்க்கலாம். கியர்பொக்ஸும் எஞ்சினும் சேரும் இடத்தின் கீழ்ப்புறத்தில் சொட்டினால் கிராங்க் தண்டின் பின்முனையில் உள்ள பின் மெயின் சீலைச் சந்தேகிக்க வேண்டும், ஆனால் டப்பட் கவரின் பின்மூலையில் கசிவதும் அதே வழியாகத்தான் இறங்கி வரும். கியர்பொக்ஸை இறக்கச் சம்மதிப்பதற்கு முன் மேலே ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். கடற்காற்றுப் படும் இடங்களில் நிற்கும் கார்களில் சம்பின் தகடே துருப்பிடித்து ஊசித்துளை விழுவதும் உண்டு.

மூன்றாம் படி: பி.சி.வி. வால்வ்

எரிவெளியிலிருந்து ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் சம்புக்குள் இறங்கும். அதை உறிஞ்சி மீண்டும் எரிவதற்கு அனுப்பும் சிறிய ஒருவழிக் கதவே பி.சி.வி. வால்வ். விரல் நீளம்கூட இல்லாத இந்தப் பொருளைப் பற்றி நம் கராஜ்களில் யாரும் பேசுவதில்லை, இருபது வருடமாக யாரும் மாற்றுவதுமில்லை. அது திறந்தபடி இறுகினால் ஒயில் ஆவியையும் துளிகளையும் சேர்த்து இன்டேக்குக்குள் இழுத்துவிடும். அடைபட்டால் சம்புக்குள் அழுத்தம் ஏறி, நல்ல சீல்களையும் கசியவைக்கும். இரண்டு வகையிலும் ஒயில் குறையும், இரண்டு வகையிலும் பழி ரிங்குக்குப் போகும்.

என் காரில் அது டப்பட் கவரில் ஒரு ரப்பர் வளையத்துக்குள் செருகப்பட்டிருந்தது. பிடுங்கிக் காதருகே குலுக்கினேன். உள்ளே இருக்கும் சிறு தண்டு கடகடவென ஆட வேண்டும், ஆனால் சத்தமே வரவில்லை. தார் போன்ற கரி அதைத் திறந்த நிலையிலேயே பிடித்து வைத்திருந்தது. குலுக்கிப் பார்ப்பதோடு நிற்காமல், எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது வால்வின் வாயில் விரலை வையுங்கள்: உறிஞ்சல் தெரிய வேண்டும். பிறகு ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, வாயின் மேல் மெல்லிய கையுறை ஒன்றைப் போர்த்துங்கள். கையுறை உள்ளே இழுபட்டால் காற்றுப்போக்கு வேலை செய்கிறது. பலூன் போல உப்பினால் ஒன்று வழி அடைபட்டிருக்கிறது அல்லது ரிங்குகளைத் தாண்டி வரும் வாயு அளவுக்கு மிஞ்சியிருக்கிறது. வால்வோடு சேர்த்து அதன் ரப்பர் வளையத்தையும் குழாயையும் மாற்றுவது நல்லது. இவை கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கிடைக்காத பொருட்கள் அல்ல, ஆனால் பழைய வால்வைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

மாற்றிய பின் மீண்டும் 1000 கிலோமீற்றர் ஓடி அளந்தேன். 900 ஆக இருந்தது 550 ஆனது.

நான்காம் படி: புகை எப்போது வருகிறது?

நீலம் கலந்த புகையே ஒயில் எரிவதன் அடையாளம். கறுப்பு பெற்றோல் மிகுதியால் வருவது. காலையில் சிறிது நேரம் தோன்றி மறையும் வெள்ளை வெறும் நீராவி, மறையாத வெள்ளையும் குறையும் ரேடியேற்றர்த் தண்ணீரும் சேர்ந்தால் ஹெட் கேஸ்கட். ஆனால் நிறத்தைவிட நேரமே அதிகம் சொல்லும். இரவு முழுவதும் நின்ற காரை ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு கொத்து நீலப்புகை வந்து அடங்கினால் வால்வ் சீல்: சீலின் ரப்பர் கடினமாகிவிட்டதால், இரவில் ஒயில் வால்வின் தண்டு வழியே இறங்கிச் சிலிண்டருக்குள் தேங்கியிருக்கிறது. எக்சலேற்றரை அழுத்தி ஏற்றம் ஏறும்போது தொடர்ந்து புகைந்தால் ரிங் அல்லது சிலிண்டர்த் தேய்வு.

வால்வ் சீலுக்கு இன்னும் திட்டமான ஒரு பரிசோதனை உண்டு. கண்டியிலிருந்து வரும்போது கடுகண்ணாவை இறக்கத்தில் எக்சலேற்றரிலிருந்து காலை எடுத்து, தாழ்ந்த கியரில் எஞ்சினின் பிடிப்போடு இறங்குங்கள். அப்போது இன்டேக்கில் வெற்றிடம் உச்சத்தில் இருக்கும்; வால்வ் தண்டைச் சுற்றிய இடைவெளி வழியாக ஒயில் உறிஞ்சப்படும். இறங்கி முடித்து மீண்டும் எக்சலேற்றரை அழுத்தும் அந்தக் கணத்தில், பின்னால் வருகிறவர் நீலப்புகையைப் பார்க்கிறாரா என்பதுதான் கேள்வி. பின்னால் வேறொரு காரில் மைத்துனரை வரச் சொல்லி நான் பார்த்தேன். “அத்தான், நுளம்புக்குப் புகை அடிச்ச மாதிரி இருந்தது” என்று தொலைபேசியில் சொன்னார். கொழும்புக்குள் இதற்கு நிகரானது, ஏசி போட்டபடி நெரிசலில் ஐந்தாறு நிமிடம் ஐட்லிங்கில் நின்று, வழி விட்டவுடன் அழுத்துவது.

புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் நல்ல நிலையில் உள்ள கார்களில் 500 மில்லிலீற்றர் எரிந்தாலும் புகை கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அவ்வாறானவர்கள், 2008 முதல் வருமான அனுமதிப்பத்திரத்துக்காக ஆண்டுதோறும் செய்யும் புகைப் பரிசோதனையின் பழைய அறிக்கைகளைத் தூக்கியெறியாமல் வைத்திருந்தால், ஹைட்ரோகார்பன் அளவு வருடாவருடம் ஏறுகிறதா என்று பார்க்கலாம். பற்றவைப்புக் கோளாறாலும் அது ஏறும் என்பதால் இதைத் துணைச்சாட்சியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பிளக்குகளை வாசித்தல்

நான்கு பிளக்குகளையும் கழற்றி, எந்தச் சிலிண்டருக்குரியது என்று எழுதிய தாளின் மேல் வரிசையாக வையுங்கள். முனை கறுத்து ஈரமாக மினுங்கினால் அந்தச் சிலிண்டருக்குள் ஒயில் வருகிறது. சாம்பல் நிறத்தில் மேலோடு போலப் படிந்திருந்தால், நீண்ட நாட்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துவரும் ஒயிலின் சேர்க்கைப் பொருள்களே அவை. முனை உலர்ந்து, மரையும் மேல்பகுதியும் மட்டும் ஒயிலில் குளித்திருந்தால் உள்ளே எதுவும் பழுதில்லை. டப்பட் கவரிலிருந்து இறங்கும் பிளக் குழாயின் சீல்தான் கசிகிறது. நான்கும் ஒரே மாதிரி இருந்தால் காற்றுப்போக்கு, பொதுவான தேய்வு. ஒன்று மட்டும் வேறுபட்டால் அந்தச் சிலிண்டரைத் தனியாகத் தேட வேண்டும்.

ஆறாம் படி: கொம்ப்ரஷன், அதன் எல்லையும்

கொம்ப்ரஷன் என்பது பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம். எஞ்சின் சூடாக இருக்கும்போது நான்கு பிளக்குகளையும் கழற்றி, பற்றவைப்பையும் எரிபொருளையும் துண்டித்து, எக்சலேற்றரை முழுமையாக அழுத்திப் பிடித்தபடி, நன்றாகச் சார்ஜ் ஏறிய பற்றரியோடு ஒவ்வொரு சிலிண்டரையும் ஐந்தாறு சுற்றுச் சுழற்றி மீற்றரைப் பாருங்கள். எக்சலேற்றரை அழுத்தாமல் அளப்பதுதான் நான் பல இடங்களில் பார்த்த தவறு. காற்றே உள்ளே போகாவிட்டால் நல்ல எஞ்சினும் குறைவாகவே காட்டும். பெரும்பாலான பெற்றோல் எஞ்சின்களில் 150 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை எதிர்பார்க்கலாம், ஆனால் எஞ்சினுக்குரிய கையேட்டின் இலக்கமே முடிவானது. சிலிண்டர்களுக்கிடையே 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைவான சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயிலை விட்டு மறுபடி அளந்தால், அளவு நன்றாக ஏறினால் கசிவு ரிங்கில். ஏறாவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கட்டிலோ.

இதில் அனுபவசாலிகளையும் ஏமாற்றும் ஓர் இடம் இருக்கிறது. பிஸ்டனில் மூன்று ரிங்குகள் உண்டு: மேலிரண்டும் அழுத்தத்தைப் பிடிப்பவை, மூன்றாவது ஒயிலை வழித்துக் கீழே அனுப்புவது. மூன்றாவது ரிங் கரியால் இறுகிவிட்டாலும், அதன் பின்னால் பிஸ்டனில் உள்ள வடிதுளைகள் அடைபட்டாலும், மேலிரண்டும் நலமாக இருக்கும் வரை கொம்ப்ரஷன் மீற்றர் புத்தம் புதிய எஞ்சினைப் போலவே காட்டும். 2000களின் முற்பகுதியில் வந்த டொயோட்டாவின் 1.8 லீற்றர் 1இசட்இசட் எஞ்சின் இதற்குப் பேர்போனது. ஆகவே கொம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது, அதனால் ரிங் அல்ல என்ற முடிவும் தவறு. முந்திய படிகள் எல்லாம் சுத்தமாக இருந்து, கொம்ப்ரஷனும் நன்றாக இருந்து, ஒயில் மட்டும் போகிறது என்றால் சந்தேகம் நேராக அந்த மூன்றாவது ரிங்கின் மேல்தான் விழ வேண்டும். பிளக் துளை வழியே சிறு கமராவை இறக்கினால், பிஸ்டன் தலையின் விளிம்பில் கரி கழுவப்பட்டுப் பளிச்சென்ற வளையம் தெரியும். ஒயில் மேலேறி வரும் பாதை அது.

வசதியுள்ள கராஜில் கசிவு வீதப் பரிசோதனையையும் கேட்கலாம். பிஸ்டனை உச்சியில் நிறுத்தி அழுத்தக் காற்றை ஏற்றும்போது, ஒயில் மூடியில் இரைந்தால் ரிங், சைலன்சரில் இரைந்தால் வெளியேற்றும் வால்வ், த்ரொட்டிலில் இரைந்தால் உள்ளெடுக்கும் வால்வ், ரேடியேற்றரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கட்.

விடை கிடைத்த பின்

வால்வ் சீல் என்றால் ஹெட்டைக் கழற்றாமலே, சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வுகள் கீழே விழாமல் பிடித்துக்கொண்டு மாற்ற முடியும். அதைச் செய்யத் தெரிந்தவரைத் தேடுவதுதான் சிரமம். வால்வின் தண்டு ஓடும் குழாயான வால்வ் கைடே தேய்ந்திருந்தால் புதிய சீல் அதிக நாள் தாங்காது, ஆகவே வால்வை விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒயில் ரிங் இறுகியிருந்தால், எஞ்சினைத் திறப்பதற்கு முன் ஊறவைத்துப் பார்ப்பதில் நட்டமில்லை. கரி கரைக்கும் திரவத்தைப் பிளக் துளைகள் வழியே விட்டு ஓர் இரவு வைத்து, காலையில் பிளக்குகளைப் போடாமல், துளைகளைத் துணியால் மூடி எஞ்சினைச் சுழற்றி மிச்சத்தை வெளியேற்றி, ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பின்னரே ஓட்ட வேண்டும். திரவம் உள்ளே இருக்கப் பிளக்கைப் பூட்டிச் சுழற்றினால் கொனெக்டிங் ரொட் வளைந்துவிடும். சில எஞ்சின்களில் இது பாதிக்குப் பாதி குறைக்கும், சிலவற்றில் ஒன்றும் செய்யாது. தடித்த ஒயிலுக்கு மாறுவதைப் பற்றி: கையேடு அனுமதிக்கும் வரம்புக்குள் 5டபிள்யூ-30 இலிருந்து 10டபிள்யூ-40க்குப் போவது நியாயமானது. அதற்கு மேல் போய்ப் புகையை மறைப்பது, பெரும்பாலும், காரை விற்க நினைப்பவர்கள் செய்யும் வேலை.

எஞ்சினை இறக்கியே ஆக வேண்டும் என்றால், சிலிண்டரின் தேய்வையும் நீள்வட்டத்தையும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். தேய்ந்த சிலிண்டருக்குள் புதிய ரிங் போடுவது வீண்செலவு, 0.25 அல்லது 0.50 மில்லிமீற்றர் பெரிய பிஸ்டனுக்கேற்பச் சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்துவதா (போர் அடிப்பது), ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் எஞ்சினை வாங்குவதா என்பது அந்த அளவைப் பார்த்த பின் எடுக்க வேண்டிய முடிவு. ரீகண்டிஷன் எஞ்சின் என்பது அங்கு ஓடிய பழைய எஞ்சின்தான். காசு கொடுப்பதற்கு முன் ஒயில் மூடிக்கடியில் சேறு படிந்திருக்கிறதா என்று பாருங்கள், கொம்ப்ரஷனையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். எஞ்சின் இலக்கம் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் திருத்த வேண்டும்.

எந்த வேலை செய்தாலும் அதன் பின் முதற்படிக்குத் திரும்பி, அதே சமதரையில் அதே குவளையால் மறுபடி அளக்க வேண்டும். புதிய ரிங் போட்டவர்கள் அவை பதியும் வரை முதல் 1000 கிலோமீற்றரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வால்வ் சீல் பதினாறையும் மாற்றிய பின் என் கொப்பியில் எழுதிய இலக்கம் 180. அந்த எஞ்சின் இன்றுவரை இறக்கப்படவில்லை.